சாட்சி இல்லாத பந்தயம்

ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை, ஒரே ஆண்டுக்குள் அதிகப் பறவை வகைகளைப் பார்த்தவர் யார்? இந்தக் கேள்விக்கு விடை தேடி மூன்று ஆண்கள் வட அமெரிக்கா முழுவதும் அலைவதுதான் ‘தி பிக் இயர்’ என்ற ஹாலிவுட் நகைச்சுவைப் படத்தின் கதை. டேவிட் ஃபிராங்கல் இயக்கிய இந்தப் படம் 2011 அக்டோபரில் வெளியானது. ஓய்வு பெறத் துடிக்கும் நிறுவனத் தலைவராக ஸ்டீவ் மார்ட்டினும், அணுமின் நிலையத்தில் வேலை பார்க்கும் கணினிக்காரராக ஜாக் பிளாக்கும், ஏற்கெனவே சாதனை படைத்து அதைத் தானே முறியடிக்கக் கிளம்பும் கூரை ஒப்பந்தக்காரராக ஓவன் வில்சனும் நடித்தார்கள். சண்டை இல்லை, துரத்தல் இல்லை, வில்லன் என்று சொல்ல ஆளும் இல்லை. மூவரும் ஒருவருக்கொருவர் திட்டத்தை மறைக்கிறார்கள். அபூர்வப் பறவை வந்திருப்பதாகச் செய்தி கிடைத்தால் விமானம் ஏறுகிறார்கள். வீட்டில் நடக்க வேண்டிய முக்கியமான காரியங்களைத் தவறவிடுகிறார்கள்.

சுமார் 4 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்ட படம், உலகம் முழுவதும் ஒரு கோடி டாலர்கூட வசூலிக்கவில்லை. ஆனால் பறவை பார்ப்பவர்கள் நடுவில் அது இன்றும் பேசப்படுகிறது. காரணம், அதில் வரும் பைத்தியக்காரத்தனங்களில் பெரும்பகுதி நிஜத்தில் நடந்தவை. மார்க் ஓப்மாசிக் என்ற பத்திரிகையாளர் 2004-இல் எழுதிய அதே பெயருள்ள நூல்தான் படத்தின் மூலம். 1998-ஆம் ஆண்டில் சாண்டி கொமிட்டோ, அல் லெவன்டின், கிரெக் மில்லர் ஆகிய மூவருக்கிடையே நடந்த போட்டியை அந்த நூல் விவரிக்கிறது. எல் நினோவால் வானிலை புரண்டிருந்த நேரம் அது. வழக்கமாக ஆசியாவிலேயே தங்கிவிடும் பறவைகள் பல, காற்றில் இழுபட்டு அலாஸ்காவின் கடைக்கோடியிலுள்ள அட்டு தீவுக்கு வந்து சேர்ந்தன. ஆண்டு முடிவில் கொமிட்டோ 745 வகைகளைக் கணக்குக் காட்டினார். பின்னர் மேலும் சில பதிவுகள் ஏற்கப்பட்டதால் அது 748 ஆயிற்று. மில்லரின் கணக்கு 715, லெவன்டினின் கணக்கு 711.

பந்தயத்தின் விதிகள்

இந்தப் பந்தயத்துக்கு நடுவர் கிடையாது. பரிசுப் பணமும் கிடையாது. 1969-இல் உருவான அமெரிக்கப் பறவையாளர் சங்கம் சில விதிகளை வகுத்திருக்கிறது. பறவை உயிரோடும் தன்னிச்சையாகவும் இருக்க வேண்டும். கூண்டுப் பறவை சேராது. கூண்டிலிருந்து தப்பிய வளர்ப்புப் பறவையும் சேராது. கண்ணால் பார்த்திருக்கலாம், அல்லது குரலைக் கேட்டு உறுதி செய்திருக்கலாம். ஒரு வகையை ஒருமுறை குறித்துவிட்டால் அதற்கு ஒரு புள்ளி. அதே பறவையை மறுபடி ஆயிரம் தடவை பார்த்தாலும் புள்ளி கூடாது.

எல்லாவற்றுக்கும் அடியில் எழுதப்படாத விதி ஒன்று இருக்கிறது: போட்டியாளர் சொல்வதை நம்ப வேண்டும். விடியற்காலையில் ஆளில்லாத சதுப்பு நிலத்தில் ஒருவர் ஓர் ஆந்தையைப் பார்த்தேன் என்றால், அதற்கு அவர் வாயைத் தவிர வேறு சாட்சி பெரும்பாலும் இருக்காது. பொய் சொல்பவரை யாரும் சிறையில் அடைக்கப் போவதில்லை. ஆனால் ஒருமுறை பொய் பிடிபட்டால், அவர் அதற்கு முன்பு எழுதிய பட்டியல் முழுவதும் சந்தேகத்துக்கு உள்ளாகும். பெயர்தான் இங்கே முதல். அது போனால் ஆட்டம் முடிந்தது.

இந்த விளையாட்டுக்கு வயது குறைவல்ல. அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் நாளன்று அணி அணியாகத் துப்பாக்கியோடு கிளம்பி, அதிகப் பறவைகளையும் விலங்குகளையும் சுட்ட அணிக்கு வெற்றி என்று கொண்டாடும் வழக்கம் இருந்தது. அதற்கு மாற்றாக, சுடாமல் எண்ணலாம் என்று 1900-இல் யோசனை சொன்னவர் பறவையியலாளர் ஃபிராங்க் சாப்மன். அந்த ஆண்டு 27 பேர் 25 இடங்களில் எண்ணினார்கள். கிறிஸ்துமஸ் பறவைக் கணக்கெடுப்பு அன்று தொடங்கி இன்றுவரை நடக்கிறது. ஓராண்டுப் பட்டியலைப் பிரபலமாக்கியவர் கை எமர்சன். தொழில் பயணங்களைப் பறவைகளின் வலசைக்கு ஏற்பத் திட்டமிட்டு, 1939-இல் அவர் 497 வகைகளைச் சேர்த்தார். 1973-இல் கென் காஃப்மன் என்ற இளைஞர், கையில் காசில்லாமல் வழிப்போக்கு வண்டிகளில் ஏறி இறங்கியே அந்த நாட்டைச் சுற்றிப் போட்டியிட்டார். உலகம் முழுவதையும் களமாகக் கொண்டவர்களும் உண்டு. 2015-இல் நோவா ஸ்ட்ரைக்கர் ஒரே ஆண்டில் 6,042 வகைகளைப் பார்த்தார். அடுத்த ஆண்டே நெதர்லாந்தின் அர்யான் ட்வார்ஷௌஸ் அந்தக் கணக்கைத் தாண்டினார்.

இந்தியாவுக்கு வந்த ஓட்டம்

ஸ்ட்ரைக்கர் உலகைச் சுற்றிய அதே 2015-இல், இந்திய எல்லைக்குள் இப்படி ஓர் ஆண்டை முயன்றவர் ஷஷாங்க் தல்வி. நாட்டில் பதிவான பறவை வகைகள் 1,300-க்கும் மேல். அவற்றில் 1,128 வகைகளை அவர் ஓராண்டில் பார்த்து முடித்தார். அடுத்த ஆண்டு ஜனவரியில், வடகிழக்கு மலைகளில் பறவையியலாளர்களுக்கே புதிதான ஒரு பூங்குருவி விவரிக்கப்பட்டபோது, அதைக் கண்டறிந்த குழுவில் தல்வியும் இருந்தார். அந்தப் பறவையின் அறிவியல் பெயர் இந்தியப் பறவையியலாளர் சாலிம் அலியின் நினைவாக வைக்கப்பட்டது. பட்டியல் போட்டி வேறு, ஆராய்ச்சி வேறு என்று பிரிக்க முடியாது என்பதற்கு இது நல்ல சான்று. ஆயிரம் பறவைகளின் குரலை மனத்தில் வைத்திருப்பவருக்குத்தான், கேட்டிராத ஒரு குரல் காதில் விழுந்ததும் அது புதிது என்று தெரியும்.

ஒரே நாளில் முடியும் போட்டிகளும் இங்கே நடக்கின்றன. 2005-இல் மும்பையில் தொடங்கிய பறவைப் பந்தயம், பிறகு சென்னை, கோவை உள்ளிட்ட பல நகரங்களுக்குப் பரவியது. சிலர் சேர்ந்து ஓர் அணி. விடிவதற்கு முன் கிளம்பி, பொழுது சாயும் வரை ஏரி, காடு, வயல் என்று சுற்றி, பார்த்ததைக் குறிப்பேட்டில் எழுதுவார்கள். மாலையில் எல்லா அணிகளும் ஓரிடத்தில் கூடிப் பட்டியலை வாசிக்கும். கணக்கு மிகுந்த அணி வெல்லும். அங்கே நடக்கும் பேச்சு பெரும்பாலும் ‘எத்தனை’ என்பதில் தொடங்கி, ‘எங்கே பார்த்தாய்’ என்பதில் முடியும். அனுபவசாலியோடு ஒரு நாள் நடந்தால் புதியவர் பல மாதப் பாடத்தைக் கற்றுவிடுவார். இந்தப் பந்தயங்களின் நிஜமான ஆதாயம் அதுதான்.

நீலகிரி என்னும் களம்

இப்படியொரு பந்தயத்துக்கு நீலகிரி மாவட்டம் வசதியான களம்போலத் தோன்றும். முன்னூறுக்கும் மேற்பட்ட பறவை வகைகள் இந்த மலைகளிலும் சரிவுகளிலும் பதிவாகியிருக்கின்றன. ஆனால் ஊட்டியிலேயே உட்கார்ந்துகொண்டு எண்ணினால் பட்டியல் நீளாது. உயரம் கூடக் கூடப் பறவை வகைகள் குறைவது மலைகளின் பொது இயல்பு. தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். ஊட்டி நகரமே சுமார் 2,240 மீட்டரில் இருக்கிறது. குளிரும் காற்றும் மிகுந்த இந்த மேட்டு நிலத்தில் எண்ணிக்கை சிறியது. வேறெங்கும் காணக்கிடைக்காத பறவைகள் அதற்குள் இருப்பதுதான் விசேஷம்.

காரணம் நிலத்தின் அமைப்பு. மலையுச்சிகளில் புல்வெளி, மடிப்புகளில் குட்டையான மரங்கள் அடர்ந்த சோலை. சுற்றிலும் சூடான சமவெளி. சோலைப் பறவைக்குச் சமவெளியைத் தாண்டி அடுத்த மலைக்குப் போகும் பழக்கமில்லை. தெற்கே பாலக்காட்டுக் கணவாய் பெரிய இடைவெளியாகக் குறுக்கே கிடக்கிறது. பல லட்சம் ஆண்டுகளாக இப்படிப் பிரிந்து வாழ்ந்த பறவைகள், ஒவ்வொரு மலைத்தொகுதியிலும் தனித்தனி வகைகளாக மாறிவிட்டன. கடலுக்கு நடுவே தீவுகளில் நடக்கும் பரிணாமம் இங்கே மலையுச்சிகளில் நடந்திருக்கிறது.

நீலகிரிச் சிரிப்பான் இதற்கு முதன்மையான உதாரணம். செம்பழுப்பு வயிறும், கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவமும் கொண்ட இந்தப் பறவை, கூட்டமாகக் கத்தும்போது ஒரு கும்பல் அடக்க முடியாமல் சிரிப்பது போலவே இருக்கும். ஊட்டியைச் சுற்றிய சோலைகளிலும் தோட்ட வேலிகளிலும் தவிட்டுப்பழம் தின்றுகொண்டு திரியும். நீலகிரியிலும் அதை ஒட்டிய உயர்ந்த மலைகளிலும் தவிர உலகில் வேறெங்கும் இது இல்லை. பழனி மலைச் சிரிப்பான் வேறு வகை. தென்கோடி அகத்தியமலையில் இருப்பது இன்னொன்று. 2017-இல் வி.வி. ராபினும் சக ஆய்வாளர்களும் மரபணுச் சான்றுகளோடு வெளியிட்ட கட்டுரை, மேற்குத் தொடர்ச்சி மலையின் சிரிப்பான்களை நான்கு வகைகளாகப் பிரித்து, அவற்றுக்கென்றே புதிய பேரினம் ஒன்றையும் முன்வைத்தது. சோலையின் இருண்ட ஓடைக்கரைகளில் தத்தித் திரியும் நீல நிறச் சோலைக்கிளிக்கும் அதே கட்டுரையில் தனிப் பேரினம் கிடைத்தது. நீலகிரிச் சோலைக்கிளி கணவாய்க்கு வடக்கே வாழ்வது. பழனி மலையில் இருப்பது அதன் ஒன்றுவிட்ட உறவு.

பட்டியல் போடுபவர்களுக்கு இதில் ஒரு வேடிக்கையான லாபம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் பார்த்த பறவைகள் ஒரே வகை என்று அன்று கருதப்பட்டிருக்கலாம். ஆய்வகம் அவற்றை இரண்டாகப் பிரித்ததும், வீட்டு நாற்காலியை விட்டு எழாமலேயே பட்டியலில் ஒன்று கூடிவிடும். இரண்டு வகைகள் ஒன்றாகச் சேர்க்கப்படும்போது, பார்த்த பறவை பட்டியலிலிருந்து காணாமல் போவதும் நடக்கும்.

மேட்டு நிலத்தின் மற்ற பறவைகளும் தேடி வருபவர்களை ஏமாற்றுவதில்லை. ஆழ்ந்த நீலத்தில் இருக்கும் நீலகிரி ஈப்பிடிப்பான் மரக்கிளைகளில் அமரும். கருப்பும் ஆரஞ்சும் கலந்த சிறிய ஈப்பிடிப்பான் தரையை ஒட்டிய புதர்களை விட்டு வெளியே வருவதே அரிது. கழுத்தில் சதுரங்கக் கட்டங்கள் போட்டது போன்ற நீலகிரிக் காட்டுப்புறா உயர்ந்த மரங்களில் பழம் தின்னும். புல்வெளியில் மட்டுமே வாழும் நீலகிரி நெட்டைக்காலிக்கு மேல் பவானி, அவலாஞ்சி, முக்குருத்திப் பகுதிகள்தான் புகலிடம். குளிர்காலத்தில் காஷ்மீர் ஈப்பிடிப்பான் விருந்தாளியாக வரும். காஷ்மீரை ஒட்டிய இமயமலைப் பகுதிகளில் குஞ்சு பொரித்து, குளிருக்கு இலங்கைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் பறந்து வரும் பறவை அது.

ஒரு நாள் பந்தயம்: மேலிருந்து கீழே

எண்ணிக்கை வேண்டுமென்றால் மலையிலிருந்து இறங்கித்தான் ஆக வேண்டும். நீலகிரியில் ஒரு நாள் பந்தயம் நடத்துபவர் விடியலில் தொட்டபெட்டா அல்லது கெய்ர்ன்ஹில் சோலை ஓரத்தில் நிற்பார். சோலைப் பறவைகள் குரல் கொடுப்பது அந்த முதல் இரண்டு மணி நேரத்தில்தான். பிறகு குன்னூர்ப் பக்கம் இறங்கினால் தேயிலைத் தோட்டங்கள். 1874-இல் உருவான சிம்ஸ் பூங்காவின் பெரிய மரங்களும், லேம்ப்ஸ் ராக் செல்லும் வழியிலுள்ள சோலைத் துண்டுகளும், கோத்தகிரியை ஒட்டிய லாங்வுட் சோலையும் அங்கே முக்கியமான நிறுத்தங்கள்.

தேயிலைச் செடியின் வரிசைகளுக்குள் பறவை குறைவு. ஒரே செடி, அதுவும் அடிக்கடி கவாத்து செய்யப்பட்டு, மருந்து தெளிக்கப்படும் செடி. செம்மீசைச் சின்னான், புதர்ச்சிட்டு, கதிர்க்குருவி, தையல்சிட்டு போன்று எங்கும் வாழப் பழகியவை அங்கே தென்படும். நிழலுக்காக நட்ட சில்வர் ஓக் மரங்களில் மின்சிட்டும் வெள்ளைக்கண்ணியும் வந்து போகும். பட்டியல் நீள்வது தோட்டத்துக்கு நடுவே வெட்டாமல் விட்ட சோலைத் துண்டிலும், ஓடைக்கரையிலும்தான். ஓடைப் பாறையில் மனிதர் சீட்டியடிப்பது போலப் பாடும் சீகாரப் பூங்குருவி அப்படிப்பட்ட இடத்துப் பறவை. இந்தப் பகுதிகளில் மேலே பார்ப்பதற்கு முன் எதிரே பார்ப்பது அவசியம். காலை நேரத்தில் தேயிலைக்கு நடுவே காட்டெருமை நிற்பது குன்னூரிலும் கோத்தகிரியிலும் அன்றாட நிகழ்ச்சி.

நண்பகலுக்குப் பின் களம் மாறும். ஊட்டியிலிருந்து கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகள் வழியாகச் சீகூர்ச் சமவெளிக்கும் மசினகுடிக்கும் இறங்கினால், ஒரு மணி நேரத்தில் வேறு நாட்டுக்கு வந்தது போலிருக்கும். மேலே பாசி படர்ந்த சோலை, கீழே முள்மரக்காடு. தென்மேற்குப் பருவமழையை மலை தடுத்துவிடுவதால் இந்தப் பக்கம் வறண்டது. மரங்கொத்திகளும், குக்குறுவான்களும், மயிலும், பருந்து இனங்களும் எண்ணிக்கையைச் சட்டென்று உயர்த்திவிடும். மோயாறு பள்ளத்தாக்கில் பாறுக் கழுகுகள் கூடு கட்டுகின்றன. மாடுகளுக்குப் போடப்பட்ட டைக்ளோஃபினாக் மருந்தால் இந்தியா முழுவதும் கொத்துக் கொத்தாக மடிந்த இனம் அது. 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. தென்னிந்தியாவில் அவை எஞ்சியிருக்கும் மிகச் சில இடங்களில் மோயாறு முக்கியமானது.

இந்த நாள் திட்டத்துக்கு எல்லைகளும் உண்டு. முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குள்ளும் காப்புக்காடுகளுக்குள்ளும் வனத்துறை அனுமதி இல்லாமல் போக முடியாது. முதுமலை சாலையில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. கல்லட்டிப் பாதையில் வெளியூர் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. ஆகவே ஆந்தைக்காக இரவெல்லாம் காட்டுச் சாலையில் சுற்றும் அமெரிக்கப் பாணி இங்கே செல்லாது.

துப்பாக்கி சொன்ன சாட்சி

பார்த்தேன் என்ற வாய்ச்சொல்லை நம்பும் பழக்கம் பிற்காலத்தியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பறவையைப் பார்த்ததற்கு ஒரே சான்று அதன் தோல். நீலகிரிப் பறவைகள் அறிவியல் பெயர் பெற்றது அப்படித்தான். 1836-இல் சென்னை மாகாணப் படையில் மருத்துவராக வந்த டி.சி. ஜெர்டன், நீலகிரிச் சிரிப்பானையும், கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பானையும் 1839-இல் விவரித்தார். நீலகிரி ஈப்பிடிப்பானும் சோலைக்கிளியும் அடுத்த சில ஆண்டுகளில் அவர் கையாலேயே பெயர் பெற்றன. 1862 முதல் 1864 வரை வெளியான அவருடைய ‘இந்தியப் பறவைகள்’ தொகுதிகளில் பறவைகளின் உள்ளூர்ப் பெயர்களும் இடம்பெற்றன.

தமிழ் வாசகர்களுக்குக் காங்கிரஸைத் தொடங்கியவராகத் தெரிந்த ஏ.ஓ. ஹியூம், பறவை சேகரிப்பில் வெறி கொண்டவர். இந்தியா, பர்மா முழுவதும் ஆட்களை அனுப்பித் தோல்களையும் முட்டைகளையும் சேகரித்தார். அவருடைய முக்கியமான சேகரிப்பாளர் டபிள்யூ.ஆர். டேவிசன் நீலகிரிப் பறவைகளை நெருங்கி அறிந்தவர்; பின்னாளில் சிங்கப்பூர் ராஃபிள்ஸ் அருங்காட்சியகத்தின் காப்பாளராகப் போனார். ஹியூம் பல ஆண்டுகளாகச் சேர்த்த கையெழுத்துப் பிரதிகளை வேலைக்காரர் ஒருவர் பழைய காகிதமாகக் கடையில் போட்டுவிட்டார். மனம் வெறுத்த ஹியூம், 1885-இல் தன் சேகரிப்பு முழுவதையும் லண்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டுப் பறவையியலிலிருந்தே விலகினார். காங்கிரஸ் தொடங்கப்பட்டதும் அதே ஆண்டில்தான்.

துப்பாக்கியின் இடத்தைப் பைனாகுலர் பிடிப்பதற்கு நல்ல கையேடுகள் தேவைப்பட்டன. சுடாமல், தூரத்திலிருந்தே அடையாளம் காண முடியும் என்று காட்டியது ரோஜர் டோரி பீட்டர்சன் 1934-இல் அமெரிக்காவில் வெளியிட்ட கையேடு. இந்தியாவில் அந்த வேலையைச் செய்தது 1941-இல் வந்த சாலிம் அலியின் ‘இந்தியப் பறவைகள் நூல்’. அவர் பெயரிலான பறவையியல் ஆய்வு மையம் இன்று நீலகிரியின் அடிவாரத்தில், கோவையை அடுத்த ஆனைக்கட்டியில் இயங்குகிறது.

கைபேசி என்னும் கணக்கப்பிள்ளை

இப்போது சாட்சி மூன்றாவது உருவம் எடுத்திருக்கிறது. 2002-இல் அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் தொடங்கிய ‘ஈ-பேர்ட்’ இணையதளமும், பின்னர் வந்த அதன் கைபேசிச் செயலியும், உலகில் எங்கிருந்தும் யாரும் பறவைப் பட்டியலை ஏற்ற வழி செய்தன. இடம், தொடங்கிய நேரம், நடந்த தூரம், ஒவ்வொரு வகையிலும் எத்தனை என்ற விவரங்களைச் செயலி கேட்கும். ஊட்டியில் ஜூலை மாதம் காஷ்மீர் ஈப்பிடிப்பான் பார்த்ததாக ஒருவர் பதிந்தால், அது காலத்துக்குப் பொருந்தாத பதிவு என்று அமைப்பு கண்டுகொள்ளும். அந்தப் பகுதியின் பறவைகளை அறிந்த தன்னார்வலர் ஒருவர் படமோ விவரமோ கேட்டு எழுதுவார். திருப்தியான பதில் வராவிட்டால் பதிவு பொதுக் கணக்கில் சேராது. 1998-இல் வாய்ச்சொல்லாக இருந்த நம்பிக்கை, இன்று பாதி படமாகவும் பாதி கேள்வியாகவும் மாறியிருக்கிறது.

போட்டி இதிலும் ஒளிந்திருக்கிறது. மாவட்டம், மாநிலம், நாடு வாரியாக யார் பட்டியல் நீளம் என்று செயலி வரிசைப்படுத்திக் காட்டும். ஆனால் ஓராண்டுப் பந்தயத்துக்கும் இதற்கும் அடிப்படையான ஒரு வேறுபாடு உண்டு. படத்தின் நாயகர்களுக்குச் சின்னான் போன்ற சாதாரணப் பறவை ஜனவரி முதல் நாளே தீர்ந்துவிடும். மீதி ஆண்டு முழுவதும் அதற்கு மதிப்பில்லை. ஆய்வுக்கு அது நேர்மாறு. ஒரு பகுதியில் ஏற்றப்பட்ட நூறு முழுப் பட்டியல்களில் செம்மீசைச் சின்னான் எத்தனை பட்டியல்களில் இருக்கிறது என்ற விகிதம், ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறதா குறைகிறதா என்று பார்ப்பதுதான் ஆய்வாளரின் வேலை. எல்லோரும் அபூர்வத்தை மட்டும் எழுதி, கண்ணெதிரே இருந்த காகத்தை விட்டுவிட்டால் அந்தக் கணக்கு போட முடியாது. பார்த்த எல்லாவற்றையும் எழுதிய பட்டியலுக்கே மதிப்பு.

இதன் பலனை 2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையில் பார்க்கலாம். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் ஏற்றிய சுமார் 3 கோடிப் பதிவுகளைக் கொண்டு 942 வகைகளின் நிலை அதில் மதிப்பிடப்பட்டது. 178 வகைகளுக்கு உடனடிப் பாதுகாப்பு தேவை என்று அது வகைப்படுத்தியது. சம்பளம் வாங்கும் ஆய்வாளர்கள் மட்டும் இத்தனை பெரிய நாட்டில் இப்படியொரு கணக்கை எடுத்திருக்க முடியாது.

நீலகிரிக்கு இந்தக் கணக்கு அவசரமானது. ஆங்கிலேயர் காலத்திலிருந்து சோலைகளும் புல்வெளிகளும் தேயிலைக்கும், வாட்டில் மரத்துக்கும், யூகலிப்டஸுக்கும் இடம் விட்டன. புல்வெளி இல்லாவிட்டால் நெட்டைக்காலிக்குப் போக்கிடம் இல்லை. அதற்கு மேலே ஏறிப் போக வேறு மலையும் இல்லை. எந்தப் புல்வெளியில் அது இன்னும் இருக்கிறது, எதில் மறைந்தது என்பதை ஆண்டுதோறும் எழுதிவைப்பவர்களால்தான் சொல்ல முடியும்.

பந்தயத்தின் கெடுதி

அபூர்வத்தைத் துரத்துவதில் கேடும் உண்டு. கூச்சமுள்ள பறவையை வெளியே வரவைக்க அதன் குரலைக் கைபேசியில் ஒலிக்கவிடுவது பலரும் செய்யும் தவறு. வேறொரு ஆண் பறவை தன் எல்லைக்குள் நுழைந்துவிட்டதாக நினைத்து, இரை தேடுவதையும் குஞ்சுகளையும் விட்டுவிட்டு அது சண்டைக்கு வரும். ஒரே சோலைத் துண்டில் நாள் முழுவதும் பலர் இப்படிச் செய்தால் அந்தப் பறவைக்கு ஓய்வே இராது. கூட்டை நெருங்கிப் படம் எடுப்பது இன்னும் மோசம். விலக்கிய கிளைகளின் வழியே காகமும் பாம்பும் கூட்டைக் கண்டுபிடித்துவிடும். அபூர்வப் பறவையின் இடம் உடனுக்குடன் பரவும் காலம் என்பதால், ஒரு புதரைச் சுற்றி இருபது கேமராக்கள் கூடுவதும் நடக்கிறது. எளிதில் தொல்லைக்கு ஆளாகும் சில வகைகளின் சரியான இடத்தை ‘ஈ-பேர்ட்’ பொதுப் பார்வைக்கு மறைத்துவிடுவது இதனால்தான்.

படமும் இந்த விலையைத் தொட்டுக் காட்டுகிறது. வெறியோடு ஓடும் சாதனையாளர் பட்டியலை வென்று வீட்டை இழக்கிறார். மற்ற இருவரும் போட்டியில் பின்தங்கினாலும் நட்பைச் சம்பாதிக்கிறார்கள். கதைக்கு இது பழகிய முடிவுதான். ஆனால் கிரெக் மில்லரே படத்துக்குப் பறவை ஆலோசகராக வேலை செய்ததால், போட்டியாளர்களின் பேச்சிலும் பழக்கங்களிலும் பொய் குறைவாக இருக்கிறது.

பொங்கலுக்கு ஒரு பட்டியல்

தமிழ்நாட்டில் பறவை எண்ணத் தொடங்குவதற்கு விமானச் சீட்டு தேவையில்லை. பொங்கலை ஒட்டிய நான்கு நாட்களில், 2015 முதல் ‘பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு’ நடந்து வருகிறது. வீட்டு மாடி, வயல், ஏரிக்கரை, தோட்டம் என எங்கிருந்தும் குறைந்தது 15 நிமிடம் பார்த்து, கண்ட பறவைகள் எல்லாவற்றையும் எண்ணிக்கையோடு ‘ஈ-பேர்ட்’டில் ஏற்றினால் போதும். பிப்ரவரியில் நான்கு நாள் உலகக் கணக்கெடுப்பு வரும். மே மாதத்தில் ஓரிட வாழ்விகளுக்கென்று ஒரு நாள் உண்டு; அன்று மேற்குத் தொடர்ச்சி மலையின் தனிப் பறவைகளுக்கு முதலிடம்.

ஊட்டியில் பொங்கல் என்பது உறைபனிக் காலம். வலசை வந்த கதிர்க்குருவிகளும் ஈப்பிடிப்பான்களும் மலையில் இருக்கும் நேரமும் அதுவே. வெயில் ஏறிய பிறகு தேயிலைத் தோட்ட லயன் வீட்டு வாசலில் கால் மணி நேரம் நிற்பவருக்கு, சின்னானும் வெள்ளைக்கண்ணியும் காகமும் மைனாவும் நிச்சயம் கிடைக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் வேலியில் ஒரு சிரிப்பான் கூட்டமும் வரும். பைனாகுலர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் இந்த ஐந்தையும் வெறும் கண்ணால் அடையாளம் காணலாம். பெயர் உறுதியாகத் தெரியாத பறவையைப் பட்டியலில் சேர்க்காமல் விடுவது ஒன்றே இதில் கடைப்பிடிக்க வேண்டிய கண்டிப்பு. ஓராண்டுப் பந்தயத்தில் ஓடுபவருக்கும், வாசலில் நிற்பவருக்கும் பொதுவான விதி அது.